மூன்றாவது கம்பி

"மேலே வேர்க்குது, கீழே விறைக்குது. ஒரே வீடுதானே தம்பி?" என்று கேட்டார் நண்பரின் அம்மம்மா.

டொரொன்டோவில் ஜனவரி மாதத்து இரவு. வெளியே மைனஸ் 18 டிகிரி. நண்பரின் பழைய செங்கல் வீட்டில் நிலத்தடித் தளம், கீழ்த்தளம், மேல்தளம் என்று மூன்று தளங்கள். மூன்றுக்கும் வெந்நீர் ரேடியேட்டர்கள், சுவரில் தளத்துக்கு ஒரு வட்டத் திருகி, அதாவது தெர்மோஸ்டாட். கீழ்த்தளத்தில் இருந்த திருகியை மட்டும் நவம்பரில் கழற்றிவிட்டு, கைப்பேசியோடு பேசும் கண்ணாடி முகப்புக் கருவி ஒன்றை நண்பர் மாட்டியிருந்தார். இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. அந்த ஆண்டின் மிகக் குளிரான இரவில் முகப்பு இருண்டுவிட்டது.

கீழ்த்தளம் குளிர, அம்மம்மா மாடிக்குப் போய் அங்கிருந்த பழைய திருகியை 30-க்குத் திருப்பியிருக்கிறார். "கூட்டி வைச்சா கெதியாச் சூடு வருமெல்லே?" மாடி வியர்த்தது. கீழே ஒரு மாற்றமும் இல்லை.

இங்கே இரண்டு புதிர்கள். முதலாவது குளிர்நாடுகளின் எல்லா வீட்டிலும் நடப்பது: 30-க்குத் திருப்பினால் வேகமாகச் சூடாகுமா? இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. எளிய பழைய கருவி பல பத்தாண்டுகள் சாகாமல் இருந்தது. கெட்டிக்காரக் கருவி, தேவைப்பட்ட அந்த ஒரே இரவில் ஏன் செத்தது?

மணியடிக்கும் கருவி

முதல் புதிரிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில் வாரன் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் வகுப்பறை சூடாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டடக் காவலாளி அடிக்கடி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். பாடம் கெடும். 1883-இல் ஜான்சன் ஒரு மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அறையின் வெப்பம் மாறினால் அது கீழே அடுப்புக்காரருக்கு மணியடித்துச் சைகை கொடுக்கும். அவர் அடுப்பைக் கூட்டுவார், குறைப்பார். அதே பத்தாண்டில் மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் அடுப்பின் காற்றுத் தடுப்பைத் தானே தூக்கி இறக்கும் பொறி ஒன்றைச் செய்து, அடுப்புக்காரரின் வேலையையும் எடுத்துக்கொண்டார். அந்த வழியில் வளர்ந்த நிறுவனம்தான் பின்னாளில் ஹனிவெல் ஆனது.

தெர்மோஸ்டாட்டை (தமிழில் வெப்பநிலைச் சீராக்கி என்று சொல்லலாம்) புரிந்துகொள்ள ஜான்சனின் சைகையே போதும். அது சூட்டை உண்டாக்குவதில்லை, சூட்டின் அளவைக் கூட்டுவதுமில்லை. "வேண்டும்", "போதும்" என்று இரண்டே சொற்கள் தெரிந்த ஒரு சுவிட்ச் அது.

அம்மம்மா மாடியில் திருப்பியது ஹனிவெல்லின் புகழ்பெற்ற வட்ட மாதிரி. 1953-இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைப்பில் வெளிவந்து வட அமெரிக்க வீடுகளை நிறைத்த சாதனம். உள்ளே ஈருலோகச் சுருள் ஒன்று: வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டியது. குளிர்ந்தால் சுருள் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். அதன் நுனியில் உள்ள கண்ணாடிக் குப்பி சாயும். குப்பிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம் உருண்டு இரண்டு முனைகளை இணைக்கும். சுவிட்ச் போட்டாயிற்று. மின்கலம் இல்லை, நினைவகம் இல்லை. அது வேலை செய்ய மின்சாரமே தேவையில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதல் புதிர் இதோடு தீர்ந்தது. 22-க்கு வைத்தாலும் 30-க்கு வைத்தாலும் பாய்லருக்குக் கேட்பது "வேண்டும்" என்ற ஒரே சொல். அடுப்பு அதே சுவாலையில்தான் எரியும். 30-க்கு வைத்தால் "போதும்" சொல்லத் தாமதமாகும், அவ்வளவே. (ஐரோப்பாவில் கதை சற்று வேறு. நெதர்லாந்தில் பரவலாக உள்ள ஓப்பன்தெர்ம் என்ற பொதுமொழியில் தெர்மோஸ்டாட், தண்ணீர் எவ்வளவு சூடாக வர வேண்டும் என்றும் பாய்லரிடம் கேட்கலாம். டொரொன்டோவின் பழைய வீடுகளுக்கு அந்தப் பேச்சுச் சுகம் கிடையாது.)

பாத்திக்குப் பாத்தி

மூன்று திருகிகள், ஒரு பாய்லர். மாடியின் "வேண்டும்" கீழ்த்தளத்துக்கு ஏன் உதவவில்லை?

நிலத்தடித் தளத்துப் பாய்லர் அறையில் வெந்நீர்க் குழாய் மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று. பெட்டிக்குள் ஒரு குட்டி மோட்டார். அது வால்வைத் திறந்து மூடும். தனித் திருகியும் தனிக் கிளையும் உள்ள பகுதியை வலயம் என்போம், இந்தப் பெட்டியை வலய வால்வு என்போம்.

நான் இதை விளக்கி முடிக்கும் முன்பே அம்மம்மா சொன்னார்: "அப்ப தோட்டத்துக்குத் தண்ணி மாறுற மாதிரி." அவர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், வெங்காயமும் மிளகாயும் போட்ட வீட்டில். கிணற்றடியில் மெஷின் இறைக்கும். வாய்க்காலில் மண்வெட்டியோடு ஒருவர் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்துவிடுவார். மெஷினுக்குப் பாத்தி தெரியாது. இங்கும் பாய்லருக்கு மாடி எது, கீழ்த்தளம் எது என்று தெரியாது. அம்மம்மா மாடிப் பாத்தியைத் திறந்துவிட்டுக் கீழ்த்தளப் பாத்தியில் தண்ணீர் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. ஒரு வாயாவது திறந்த பிறகுதான் மெஷினை முடுக்குவார்கள். வலய வால்வும் அதைச் செய்கிறது. வால்வு முழுதாகத் திறந்ததும் அதன் உடலுக்குள் இருக்கும் இன்னொரு சின்னச் சுவிட்சை அது அழுத்தும். அதைச் சாட்சிச் சுவிட்ச் என்கிறேன்: "நான் திறந்துவிட்டேன்" என்று பாய்லருக்குச் சாட்சி சொல்வதால். ஆக, தெர்மோஸ்டாட் பாய்லரோடு நேரே பேசுவதே இல்லை. அது வால்விடம் சொல்கிறது, வால்வு பாய்லரிடம் சொல்கிறது. வலயமுள்ள வீட்டில் கம்பி இணைக்கும்போது நேரும் தவறுகளில் பாதி, இந்த இடைத்தரகரை மறப்பதால் வருபவை.

இரண்டு கம்பியில் ஒரு வட்டம்

மூன்று வால்வுகளுக்கும் தீனி போடுவது ஒரு மின்மாற்றி. வீட்டின் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாக இறக்குகிறது. அதற்கு இரண்டு முனைகள். ஒன்றிலிருந்து புறப்படும் மின்சாரம் ஒரு கம்பி வழியே சுவரேறித் தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. சுவிட்ச் போட்டிருந்தால் இரண்டாவது கம்பி வழியே இறங்கி, வால்வின் மோட்டாரைச் சுற்றி, மின்மாற்றியின் மறுமுனைக்குத் திரும்புகிறது. வட்டம் முடிந்தது.

போகும் கம்பிக்கு 'ஆர்', திரும்பும் கம்பிக்கு 'டபிள்யூ' என்று கருவியின் முதுகில் எழுதியிருப்பார்கள். கவனியுங்கள்: சுவருக்கு வருவது வட்டத்தின் ஒரு பாதி மட்டுமே. மின்மாற்றியின் மறுமுனை பாய்லர் அறையை விட்டு மேலே வருவதே இல்லை. பாதரசக் குப்பிக்கு இது போதும். அது ஒரு கதவு, கதவுக்குச் சாப்பாடு வேண்டாம்.

வேலை செய்தால் பட்டினி

கெட்டிக்காரக் கருவி கதவு அல்ல. திரை, வை-ஃபை, உணரிகள், ஒரு குட்டிக் கணினி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது சாப்பிட வேண்டும். சாப்பிட மின்மாற்றியின் இரு முனைகளும் வேண்டும். இருப்பதோ ஒரு முனையும், வால்வுக்குப் போகும் கம்பியும்.

பொறியாளர்கள் ஒரு களவு வழி கண்டுபிடித்தார்கள். சுவிட்ச் திறந்திருக்கும்போது, அதாவது சூடு கேட்காதபோது, 24 வோல்ட்டும் அந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவேதான் நிற்கிறது. வால்வின் மோட்டார் வழியாக ஒரு நூலிழை மின்சாரத்தை உறிஞ்சினால், மோட்டாரைச் சுழற்ற அது போதாது, குட்டி மின்கலத்தை நிரப்பப் போதும். வால்வுக்குத் தெரியாமல் அதன் வாய்க்காலிலிருந்து ஒரு செம்பு மொள்வது போல.

சிக்கல், சூடு கேட்கும்போது. சுவிட்சை மூடிய கணத்தில் இரண்டு கம்பிகளும் ஒன்றாகிவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே வோல்ட்டே இல்லை. தன் வேலையைச் செய்வதன் மூலம் கருவி தன் சாப்பாட்டை நிறுத்திக்கொள்கிறது. அவ்வப்போது ஒரு கணம் சுவிட்சை விலக்கி ஒரு வாய் உண்ணும் தந்திரங்கள் உண்டு. ஆனாலும் அடிப்படையில் அது சும்மா இருக்கும்போது உண்டு, உழைக்கும்போது பட்டினி கிடக்கும் பிராணி.

நவம்பரில் பாய்லர் மணிக்குச் சில நிமிடங்கள் ஓடியது. மிச்ச நேரமெல்லாம் கருவிக்கு விருந்து. மைனஸ் 18-இல் கீழ்த்தளம் இடைவிடாமல் சூடு கேட்டது. மணிக்கணக்காகச் சுவிட்ச் மூடியே இருந்தது. மின்கலம் வடிந்தது. குளிர் கூடக் கூடத்தான் அது செத்துப்போகும் என்பது தற்செயல் அல்ல, வடிவமைப்பிலேயே உள்ளது. பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது கம்பி தேவையில்லை என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். சராசரி வீட்டுக்கும் சராசரி இரவுக்கும் அது உண்மையாக இருக்கலாம்.

சுவருக்குள் சுருண்டு கிடந்தது

தேவைப்பட்டது மின்மாற்றியின் மறுமுனையைச் சுவருக்குக் கொண்டுவரும் மூன்றாவது கம்பி. 'சி' என்று குறிக்கப்படும் பொதுக் கம்பி.

மறுநாள் பகலில் பாய்லருக்குரிய பிரேக்கரை இறக்கிவிட்டுப் பார்த்தோம். 24 வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் 'ஆர்' கம்பியும் 'சி' கம்பியும் ஒரு நொடி உரசினால் மின்மாற்றி எரிந்துபோகலாம். குளிர்காலத்தில் அது சின்ன விஷயமல்ல. எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். இந்த வேலையில் கைப்பேசியின் ஆகச் சிறந்த பயன் அதுதான் என்பேன்.

கீழ்த்தளத் தகட்டைக் கழற்றி, சுவர்த் துளையிலிருந்து கேபிளை மெல்ல இழுத்தபோது இன்னும் மூன்று கம்பிகள் வந்தன. கேபிளின் மேலுறையைச் சுற்றிச் சுருட்டி, யாரும் தொடாமல், நுனிகூடச் சீவாமல். வீட்டை வலயங்களாகப் பிரித்த முன்னாள் எலக்ட்ரீஷியன் ஐந்து கம்பிக் கேபிளை இழுத்து, இரண்டைப் பயன்படுத்தி, மூன்றை அப்படியே விட்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு நன்றி.

நீலத்தைத் தேர்ந்தோம். 'சி'-க்கு நீலம் என்பது வழக்கம், வழக்கம் மட்டுமே. நிறத்தை நம்பிக் கம்பி இணைப்பது சட்டையின் நிறத்தை நம்பி ஆளை அடையாளம் காண்பது போன்றது. பாய்லர் அறையில் அதே கேபிளின் மறுநுனியைத் தேடி நீலத்தைப் பிரித்தோம். மூன்று வால்வு மோட்டார்களிலிருந்தும் ஒவ்வொரு மஞ்சள் கம்பி தெர்மோஸ்டாட் பக்கமே போகாமல் நேரே மின்மாற்றியின் ஒரு முனையில் கூடியிருந்தது. அந்தக் கூட்டம்தான் பொதுமுனை. நீலத்தை அங்கே சேர்த்தோம். மேலே 'சி' திருகில் மறுநுனி. பிரேக்கரைப் போட்டதும் முகப்பு விழித்துக்கொண்டது.

மின்மாற்றிக்குத் தாங்குமா என்ற கணக்கு எளியது. அதன் மேல் 40 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதியிருந்தது. 24-ஆல் வகுத்தால் 1.6 ஆம்பியருக்குச் சற்று மேல். வால்வு ஒவ்வொன்றும் ஓர் ஆம்பியரில் மூன்றிலொன்று கேட்கும். மூன்றும் ஒருசேரத் திறந்தால் ஏறக்குறைய 1. மீதி 0.6-இல் தெர்மோஸ்டாட்டுகள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மெழுகைச் சூடாக்கித் திறக்கும் பழைய வகை வால்வுகள் இதைவிட மிகுதியாக இழுக்கும். அவை இருந்தால் இதே கணக்கு இடிக்கும், பெரிய மின்மாற்றி வேண்டும்.

ஒன்றை மட்டும் தொடவில்லை. சாட்சிச் சுவிட்சுகளின் சிவப்புக் கம்பிகள் பாய்லரின் இரண்டு திருகுகளுக்குப் போகின்றன. பாய்லருக்குள் அதற்கென்று வேறொரு மின்மாற்றி இருக்கும். இந்த மின்மாற்றியின் மின்சாரத்தை அந்தத் திருகுகளில் கலந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். கெட்டிக்காரக் கருவியை நேரே பாய்லரில் கட்டப்போய் அதன் மின்சுற்றுப் பலகையை எரித்தவர்கள் உண்டு. பாய்லரின் உள்வேலைக்கு உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரை அழையுங்கள். ஒன்டாரியோவில் சட்டமும் அதுதான்.

எதை வாங்குவது

இப்போது கடைக்குப் போகலாம். பெரும்பாலானோர் முதலில் கடைக்குப் போய்விட்டுப் பிறகு சுவரைப் பார்க்கிறார்கள்.

மாடியிலும் மிச்சக் கம்பிகள் இருந்தன. நிலத்தடித் தளத்தில் இரண்டே இரண்டு. புதிய கேபிள் இழுக்கலாம், ஆனால் கூரைப் பலகையைப் பிரிக்க வேண்டும். அங்கே மின்கலத்தில் ஓடும் கருவியை வைத்தோம். வை-ஃபை நிறையத் தின்னும். ஆனால் ஸிக்பீ, இஸட்-வேவ் போன்ற சிக்கன வானொலியில் நடுப்பெட்டி ஒன்றோடு பேசுகிற கருவிகளுக்குச் சாதாரண மின்கலங்களே நெடுநாள் போதும். களவு இல்லை, பட்டினி இல்லை. மின்கலம் தீரும் முன் சொல்லிவிடும்.

தடித்த கம்பியும் 240 வோல்ட்டும் சுவருக்கே வந்தால் இங்கே சொன்ன எதையும் செய்யாதீர்கள். கியூபெக் மாகாணத்துச் சுவரோர மின் ஹீட்டர்கள் அப்படிப்பட்டவை; அவற்றுக்குத் தனிவகைத் தெர்மோஸ்டாட். லண்டன் வீடுகளில் இதே வலய வால்வுகள் 230 வோல்ட்டில் ஓடுகின்றன. அங்கே தவறு செய்தால் மின்மாற்றியோடு போகாது.

மற்றபடி திரையின் அழகு, குரலுக்குப் பதில் சொல்வது, வீட்டில் ஆள் இல்லாததை உணர்வது ஆகியவற்றுக்கு நான் அதிகம் மதிப்பெண் தரமாட்டேன். அம்மம்மாவுக்கும் எளிதாக இருக்க, மாடிக்குப் பெரிய எண்களும் கையால் திருப்பும் வளையமும் உள்ளதைத் தேர்ந்தோம். கழற்றிய வட்டத் திருகிகளைக் குப்பையில் போடவில்லை. பாதரசம் இருப்பதால் அபாயக் கழிவு வாங்கும் மையத்துக்குப் போயின.

சின்னப் பாத்திக்குப் பெரிய மெஷின்

எல்லாம் மாட்டியபின் ஒரு குறை எஞ்சியது. நிலத்தடித் தளம் தனியே சூடு கேட்கும்போது பாய்லர் பற்றும், உடனே அணையும், மறுபடி பற்றும். கருவியின் பிழை என்று நண்பர் நினைத்தார். பிழை கணக்கில் இருந்தது.

அந்தப் பாய்லர் 23 கிலோவாட் சூடு தரக்கூடியது. முழு வீட்டுக்கும் அளவெடுத்தது. நிலத்தடித் தளத்து ரேடியேட்டர்கள் அறைக்குக் கடத்துவது 3 கிலோவாட். மீதி 20 எங்கே போகும்? தண்ணீரிலேயே தங்கும். பாய்லரிலும் அந்தக் கிளையிலும் சேர்த்து 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டரை 10 டிகிரி கூட்ட 20 கிலோவாட்டுக்கு ஒன்றரை நிமிடம் கூட ஆகாது. உச்ச வரம்பைத் தொட்டுப் பாய்லர் அணைகிறது. அந்தப் பத்து டிகிரியை ரேடியேட்டர்கள் கரைக்க ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பிறகு மீண்டும் பற்றும். மணிக்கு ஐந்தாறு முறை. காரை எடுத்து அடுத்த தெருமுனையில் நிறுத்தி அணைத்து மறுபடி முடுக்குவது போல. எரிபொருளும் வீண், பாய்லருக்கும் தேய்மானம். இதைக் குறுஞ்சுழற்சி என்பேன். வலயங்களைப் பொடிப்பொடியாகப் பிரிப்பதற்கு நாம் தரும் விலை இது. அறைக்கொரு வலயம் என்று விற்க வருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

சுவாலையைத் தாமே தணித்துக்கொள்ளும் புதிய பாய்லர்கள் இதை ஓரளவு சமாளிக்கும். இங்கே பாய்லரை மாற்றாமல் அட்டவணையை மாற்றினோம். நிலத்தடித் தளம் காலையில் கீழ்த்தளத்தோடு சேர்ந்தே சூடு கேட்கும்படி நேரம் குறித்தோம். இரண்டு பாத்தியும் சேர்ந்து திறந்தால் மெஷின் நின்று ஓடும்.

இரவில் குறைப்பது

அட்டவணை என்றதும் எல்லோரும் கேட்பது: எவ்வளவு மிஞ்சும்? நாளில் எட்டு மணி நேரம் 4 முதல் 6 டிகிரி வரை குறைத்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை மிஞ்சலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அந்த எண்ணை டொரொன்டோ ஜனவரியில் எதிர்பார்க்காதீர்கள்.

வீடு சூட்டை இழப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 21, வெளியே மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 39. இரவில் 17-க்கு இறக்கினால் 35. எட்டு மணி நேரத்துக்குப் பத்திலொரு பங்கு மிச்சம். நாள் முழுவதுக்கும் பார்த்தால் மூன்று சதவீதத்தை ஒட்டி. வெளியே 5 டிகிரி உள்ள மார்ச் இரவில் வித்தியாசம் 16-இலிருந்து 12 ஆகிறது, கால்வாசி குறைகிறது. நாள் கணக்கில் எட்டு சதவீதம். இரண்டு இரவிலும் மிஞ்சும் எரிவாயு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். செலவு பெரிதாக இருக்கும் மாதத்தில் அது சிறிதாகத் தெரிகிறது. அதோடு 21-இலிருந்து 17-க்கு வீடு இறங்கவே சில மணி நேரம் ஆகும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். நிலத்தடித் தளத்தில் வாடகைக்கு ஆள் இருந்தால் இந்த விளையாட்டுக்கும் இடமில்லை: வீட்டுக்காரர் சூடு தரும் இடங்களில் குளிர்காலத்தில் 21-க்குக் குறையக்கூடாது என்பது டொரொன்டோ நகர விதி.

ஒரு வாரம் கழித்து நண்பர் கைப்பேசியில் வரைபடத்தை அனுப்பினார். மூன்று தளத்துக்கும் மூன்று கோடுகள். மாடிக் கோடு இரவில் இறங்கிக் காலையில் ஏறியது. நிலத்தடித் தளத்துக் கோடு நூல் பிடித்தாற்போல் 21-இல். கீழ்த்தளக் கோட்டில் மட்டும் தினமும் விடியற்காலை மூன்று மணியளவில் ஒரு சின்ன மேடு, 30 என்று யாரோ கேட்டதற்கு அடையாளம். அம்மம்மாவிடம் கேட்டார்களாம். அந்த நேரம் தான் நல்ல நித்திரை என்றாராம்.